மோதிரம் போன விலை

என் மனைவியின் கையைப் பிடிக்க அன்றைய விலை: முழங்கை வரை சோப்பு, நகக்கண் ஒன்று விடாமல்.

விலை சொன்னவர் தொற்று வார்டின் நர்ஸ். குறைப்பாரா என்று பார்த்தேன். நான் ரத்தினக் கல் தரகன். சொன்ன விலைக்கே ஒன்றை வாங்கிவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு ஜோடி கையுறையைக் கொடுத்து அனுப்புங்களேன், இவ்வளவு தேய்ப்பானேன் என்றேன். பார்க்க வருகிறவர்களுக்கான கையுறை தீர்ந்துவிட்டதாம். சரக்கே இல்லாத கடையில் என்ன பேரம் பேசுவது?

தேய்த்தேன். கழுவினேன். குழாயை மூடினேன்.

அழுக்குக் கையால் திறந்த குழாயை நல்ல கையால் மூடினால் கழுவியதெல்லாம் போச்சு என்றார். மறுபடி தேய்த்தேன். இந்த முறை முழங்கையால் மூடினேன். முகக்கவசத்துக்குள் மூக்கு அரித்தது. கை தானாகப் போய்விட்டது.

மறுபடி சோப்பு.

எனக்குப் பின்னால் நின்றவர் அவசரப்படுத்துவதற்காகத் தொண்டையைச் செருமினார். வரிசையே அவரை விட்டு விலகிக்கொண்டது.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் படுத்திருந்தாள். சாயங்காலம் வரை பார்ப்போம், அவராக மூச்சை இழுத்துப் பிடிக்காவிட்டால் மயக்கம் கொடுத்து மெஷினில் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். காலையிலிருந்து கண்ணைத் திறக்கவில்லை, அவரே நம்பிக்கையை விட்டுவிட்டார் போலிருக்கிறது என்றார் பாருங்கள், அந்தச் சொல்லைத்தான் நான் வாங்கிக்கொள்ளவில்லை. காய்கறிக்காரர் கொசுறு போடும்வரை பையை மூடாதவள் அவள்.

“மோதிரத்தையும் கழட்டுங்க சார். கிருமியெல்லாம் அதுக்கு அடியிலதான் குடித்தனம் பண்ணுது.”

கல்யாணத்தன்று ஏறிய மோதிரம். விரல் பருத்ததே தவிர, அது இறங்கியதே கிடையாது. நீலக்கல். கல்லை நான் பொறுக்கினேன், விலையை அவள் முடித்தாள். அவளும் கல் வியாபாரி வீட்டுப் பெண்.

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. ஒரு துணிக்கு அடியில் கையைக் கோத்துக்கொண்டு விரலைப் பிடித்துச் சொல்வோம். உள்ளங்கையில் ஒரு சுரண்டல் சுரண்டினால், என்ன விலை என்று கேள்வி. எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ, அதுதான் பதில். ஆயிரமா லட்சமா என்பதைக் கல்லே சொல்லிவிடும். சம்மதம் என்றால் உள்ளங்கையில் ஒரு தட்டு. யார் எழுந்துபோய் விளக்கை அணைப்பது என்பதைக்கூட நானும் அவளும் போர்வைக்கு அடியில் இப்படித்தான் முடிவு செய்வோம். பெரும்பாலும் நான்தான் எழுந்திருப்பேன்.

நுரையில் மோதிரம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. சோப்புப் பெட்டியில் வைத்தேன். விரலில் அது இருந்த இடத்தில் வெளுப்பாக ஒரு பள்ளம்.

உள்ளே போனேன். உடம்பு முழுக்கக் கவசம் மாட்டிய பிறகு டாக்டர், நர்ஸ், புருஷன் எல்லாரும் ஒரே அச்சு. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அசைவில்லை. போர்வைக்குள் கையை விட்டு அவள் கையைப் பிடித்தேன். சரக்கு பிடிக்காதவர் கையைக் கொடுப்பது போலச் சும்மா கிடந்தது.

கிளம்பச் சொல்லி நர்ஸ் சைகை காட்டினார்.

அப்போது அவள் விரல்கள் ஊர்ந்தன. ஆள் யாரென்று தடவிப் பார்த்தன. மோதிர விரலுக்கு வந்தன. நின்றன. பள்ளத்தைத் தடவின. இன்னொரு முறை தடவின.

என் உள்ளங்கையில் ஒரு சுரண்டல்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றுவிட்டேன் என்று நினைத்துவிட்டாள். எங்கள் பிழைப்பில் கல் கையை விட்டுப் போவதற்கு வேறு காரணம் ஏது?

இல்லையம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் நெற்றியைப் பார்த்தேன். ஒற்றைப் புருவம் சுளித்திருந்தது. பேரம் படியாதபோது மட்டும் வரும் சுளிப்பு.

வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்து விரலையும் அள்ளிப் பிடிக்காதவனுக்கு அந்தக் கல்லைக் காட்டவே மாட்டாள் அவள்.

நான் அவளுடைய சுண்டுவிரலை மட்டும் பிடித்தேன்.

அந்தக் கை அப்படியே உறைந்தது. மறுபடி ஒரு சுரண்டல், இந்த முறை அழுத்தமாக. மறுபடியும் சுண்டுவிரல்.

கண்ணைத் திறந்தாள். நெஞ்சு விம்மி ஏறியது. என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து நொறுக்கினாள். நகம் தோலுக்குள் இறங்கியது.

நர்ஸ் ஓடி வந்தார். “என்ன சார் சொன்னீங்க? கண்ணே தொறக்காதவங்க இப்படி முறைக்கிறாங்க?”

வியாபார விஷயம் என்றேன்.

அவள் ஐந்தைவிட்டு இறங்கவில்லை. நான் ஒன்றைவிட்டு ஏறவில்லை. நேரம் முடிந்துவிட்டது என்று என்னை இழுத்துப்போனார்கள். சம்மதத் தட்டு தட்டாமலே கையை உருவிக்கொண்டேன். முதுகில் அவள் பார்வை சுட்டது.

வெளியே வந்தவர்களும் கழுவ வேண்டுமாம். பேரம் பேசாமல் கையை நீட்டினேன். நகம் பட்ட இடங்களில் சோப்பு காந்தியது. சோப்புப் பெட்டிக்குள், நுரை காய்ந்து, நீலக்கல் அப்படியே உட்கார்ந்திருந்தது. எடுத்தேன். விரலில் போடவில்லை. கைக்குட்டையில் முடிந்து பையில் வைத்தேன்.

அன்றைய கணக்கு: மோதிரம், கையிருப்பு. நகக்குறி நான்கு, வரவு. அவள் எழுந்து வந்து எனக்குக் கொடுக்க வேண்டிய திட்டு, முழுசாகப் பாக்கி.