கடைசி ஓட்டை

மெழுகுதிரிச் சுடர் மறுபடியும் சரிந்தது.

“சனியன்!” என்றார் கிறிஸ்தோப்பர். கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

இருபத்தெட்டு அடி நீளமான வண்டிக்குள், கட்டில் தலைமாட்டில் முழந்தாளில் நின்று, சுவரோரமாக மெழுகுதிரியை நகர்த்திக்கொண்டிருந்தார். சுடர் எங்கே சாய்கிறதோ அங்கே ஓட்டை. மூன்று கிழமையாக இதே வேலை. ஒன்றை அடைத்தால் ஒன்பது திறக்கிறது.

ஃபிஃப்த் வீல் கேம்பர் என்று அதற்குப் பெயர். பிக்கப் ட்ரக்கின் முதுகில் கொளுவி இழுத்துப் போகிற வீடு. அடுத்த கோடையில் கோயில் சனத்தோடு அன்னம்மாள் திருத்தலத்துக்கு யாத்திரை போகலாம், அதற்குள்ளேயே சமைத்துப் படுக்கலாம் என்று, மனைவி சிசிலியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிவிட்டார். வாங்கியவரிடம் இருந்ததோ ஒரு சின்னக் கொரோலா கார். விற்றவனே இழுத்துக்கொண்டுவந்து, டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அவர்கள் வீட்டு வாசலில் விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போனான்.

சிசிலி சிரிக்கவில்லை.

“அந்தப் பெட்டிக்குள்ளையே போய் இருங்கோ. செத்தாலும் நான் அதுக்குள்ளை கால் வைக்க மாட்டன்.”

மனுசனுக்கு ரோசம் வராதா? இனி உன் வீட்டுக்குள் நானும் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தலையணையைத் தூக்கிக்கொண்டு போனவர்தான். அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஒக்டோபர் கடைசி. வெயில் எறித்துக்கொண்டிருந்தது, சபதம் போடச் சுகமாக இருந்தது. இப்போது டிசம்பர் பிறந்துவிட்டது.

பிள்ளைகள் இருவரும் டொரொண்டோவில். மிஞ்சியிருந்ததே புருசனும் பெண்சாதியும்தான். ஐந்து கிழமையாக அவர்களுக்குள் ஒரு சொல் கதையில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரே காரில் பூசைக்குப் போய்வந்தார்கள். சனத்தின் வாயை மூட வேண்டுமே.

குளிப்பு முழுக்கெல்லாம் வேலைத்தலத்தில். சமையல் தன் கையால். மின்சாரம் மட்டும் வீட்டிலிருந்து நீள வயரில் வந்தது. சபதம் காலுக்குத்தானே, வயருக்கு இல்லையே.

ஆனால் குளிர் யாருடைய சபதத்தையும் பார்ப்பதில்லை. இது கோடைக்கென்று கட்டின வண்டி. சுவரெல்லாம் பிஸ்கட் கனம். முந்தநாள் விடிய எழும்பினால், தலையணை சுவரோடு ஒட்டி உறைந்துபோயிருந்தது. நாளைக்கு மைனஸ் பதினெட்டு என்கிறான் வானொலிக்காரன். இதற்குள்ளே தாக்குப்பிடிக்க முடியாவிட்டால், தலையைக் குனிந்துகொண்டு போய்ச் சிசிலியின் கதவைத் தட்ட வேண்டும். அதைவிட விறைத்துச் சாகலாம்.

ஆகவே அடைத்தார். ஜன்னல்களுக்குப் பிளாஸ்ரிக் தாள் ஒட்டி, தலைமயிர் காய வைக்கிற மெசினால் சூடுகாட்டி இறுக்கினார். மெசினும் புதிதாக வாங்கியது. சிசிலியுடையதைக் கேட்க வாய் வருமா? தண்ணீர்க் குழாய் நுழைகிற துவாரங்களுக்கு டப்பா டப்பாவாக, ஊதி இறுகிப்போகிற நுரை அடித்தார். அந்த நுரை கையில் ஒட்டி இரண்டு நாளாகப் போகவில்லை. வண்டியின் அடியில் மல்லாக்கக் கிடந்து நீலநிற ஃபோம் பலகை பொருத்தியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. எல்லாம் அடைத்தாயிற்று என்று சோறு வடித்தால், ஆவி போக வழியில்லாமல் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக உச்சந்தலையில் விழுந்தது. கூரை மூடியைத் திறந்தால் குளிர். மூடினால் மழை. இது என்ன இழவடா!

அவ்வளவும் செய்தும், இந்தத் தலைமாட்டில் மட்டும் எங்கேயோ இருந்து காற்று வந்தது.

பொறுமை கெட்டுப்போய், தலைமாட்டுப் பலகையையே கழற்றினார். பின்னால், வீட்டுப் பக்கம் பார்த்த சுவரில், கைமுட்டி அளவுக்கு ஓட்டை. வண்டியைக் கட்டினவன் வயர் இழுத்துவிட்டு அடைக்க மறந்திருக்கிறான். இத்தனை நாளும் நீதானா, களவாணி! ஒரு முழு டப்பா நுரையையும் அதற்குள் இறக்கினார்.

சுடர் நிமிர்ந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். அசையவில்லை.

தெருச் சத்தம் இல்லை. பக்கத்து வீட்டு நாயின் சத்தமும் இல்லை. கிறிஸ்தோப்பர் கட்டிலில் காலை நீட்டினார். வரட்டும் மைனஸ் பதினெட்டு, ஒரு கை பார்ப்போம்.

பின்னேரம் ஆறு மணியாயிற்று. எழும்பி உட்கார்ந்தார்.

ஆறேகாலாயிற்று. முகம் சுருங்கியது. இன்றைக்கு வேண்டாமாக்கும். அவளுக்கு அவ்வளவு கொழுப்பு. சூடாகத்தான் இருந்தது, ஆனால் மனம் ஒரு நிலையில் இல்லை. பசியாக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் கதவு இடிபட்டது.

திறந்தார். வெளியே இரும்புப் படியில் சிசிலி. கோட்டும் இல்லை, சொக்ஸும் இல்லை, வீட்டுச் செருப்பு. கையில் செபமாலை.

“பத்துத் தரம் அருள் நிறைந்த மரியே சொல்லிப்போட்டன். ஒரு பதிலையும் காணேல்லை. செத்துக்கித்துப் போட்டியளோ எண்டு...”

அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

இருபத்தாறு வருசமாக அந்த வீட்டில் செபமாலை அப்படித்தான். ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முதற்பாதி அவள், பிற்பாதி அவர். சண்டை வந்த அன்றும் அது நிற்கவில்லை. ஆறு மணிக்கு அவள் குசினி ஜன்னலைத் திறந்துவைத்து, அந்தக் குளிருக்குள் முதற்பாதியை உரத்துச் சொல்வாள். இவர் கட்டிலில் இருந்தபடி, தலைமாட்டால் வருகிற அவள் குரலுக்குப் பிற்பாதியைக் கத்துவார். அதைக் கதைத்ததாக இருவரும் எடுக்கவில்லை. அது மாதாவோடு கதைப்பது.

உள்ளே வா என்று அவர் கேட்கவில்லை. கேட்டாலும் வரமாட்டாள். வீட்டுக்கு வாங்கோ என்று அவளும் சொல்லவில்லை. மடைச்சி, இந்தப் பனிக்குள் வெறுங்காலோடு வந்து நிற்கிறாளே என்று அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. கட்டிலில் கிடந்த போர்வையை இழுத்து அவள் தலையோடு போட்டார்.

பதிலில்லாமல் சொன்னது சேராதாம். சிசிலி முதல் மணியிலிருந்து திரும்பத் தொடங்கினாள். பல் கிட்டியபடி முதற்பாதியைச் சொல்லிவிட்டு, நிமிர்ந்து அவர் வாயைப் பார்த்தாள்.

கிறிஸ்தோப்பர் பிற்பாதியைச் சொன்னார். மூன்று கிழமை பாடுபட்டுச் சேர்த்த சூடு முழுவதும் அவரைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது. செபமாலையில் இன்னும் நாற்பத்தொன்பது மணி இருந்தது. கதவைச் சாத்த இருவரும் நினைக்கவில்லை.