மணி அடிக்காத டிராம்

கிருஷ்ணப்பன் ஓட்டும் டிராம், ஒரு கூண்டு வண்டிக்குப் பின்னால் மாட்டு நடையில் ஊர்ந்துகொண்டிருந்தது.

ராயபுரத்தில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அவர் டிராமை எடுத்தால் காக்காய் கூடத் தண்டவாளத்தில் உட்காராது. காலடியில் இருக்கும் மணியை இடைவிடாமல் மிதிப்பார். ஜட்கா, ரிக்‌ஷா, மீன்கூடை, எது குறுக்கே வந்தாலும் ஏழு தலைமுறைக்கும் சேர்த்து அர்ச்சனை நடக்கும். உள்ளே இருக்கும் பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் இன்று மணியின் மேல் காலே வைக்கவில்லை.

கல்மண்டபத்தில் ஏறிய சுப்புராயனுக்குப் பொறுக்கவில்லை. அவர் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனி குமாஸ்தா. கிருஷ்ணப்பனின் வேகத்தையும் வாயையும் பற்றிப் போன வாரம் டிராம் இன்ஸ்பெக்டரிடம் புகார் சொன்னவரும் அவர்தான். அதன் பலனாக இன்ஸ்பெக்டரே இன்று பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரே ஒரு தப்பு செய்தால் கிருஷ்ணப்பனுக்கு வேலை போய்விடும் என்பது டிராமில் எல்லோருக்கும் தெரிந்த சேதி.

சுப்புராயன் முன்னால் போய், "என்னப்பா, தூங்கிவிட்டாயா? மணியை அடி, அந்த வண்டி விலகட்டும்" என்றார்.

கிருஷ்ணப்பன் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டிக்காரர்களுக்கு டிராம் தண்டவாளத்தின் மேல் ஒரு கண் உண்டு. சாலை முழுக்கக் கருங்கல் ஜல்லி, மேடு பள்ளம். சக்கரத்தைத் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும், மாட்டுக்கும் பாரம் தெரியாது. பின்னால் டிராம் மணி கேட்டால் மரியாதையாக இறங்கிவிட வேண்டும். அதுதான் வழக்கம். மணியே அடிக்காவிட்டால் அவன் ஏன் இறங்குகிறான்?

டிராமுக்குள் முணுமுணுப்பு ஏறியது. நேற்று வரை பறக்கிறான் என்று ஏசியவர்கள் இன்று நகரவில்லை என்று ஏசினார்கள். நம் ஜனங்களுக்கு டிரைவரை வைய ஒரு சாக்கு கிடைத்தால் போதும்.

அந்த நேரம் பார்த்து, திருவொற்றியூர் பஸ் 'பாம் பாம்' என்று அலறிக்கொண்டு பக்கத்தில் வந்தது. அதை ஓட்டும் வெள்ளத்துரைக்கும் கிருஷ்ணப்பனுக்கும் தினமும் வாய்ச்சண்டை. வெள்ளத்துரை தலையை நீட்டி, "இன்னா மாமு, மாட்டு வால புடிச்சிகினே பாரிஸ் கார்னருக்குப் போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

வேறு நாளாக இருந்தால் அதற்குப் பதில் மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும். கிருஷ்ணப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து முன்னால் வந்தார்.

"மணி அடி."

"முடியாது சார்."

"ஏன்?"

கிருஷ்ணப்பன் முன்னால் போகும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். ஏற்கெனவே புகார் இருப்பதையும், இன்றைக்கு அவர் எழுதினால் நாளைக்குக் கிருஷ்ணப்பன் வீட்டோடு இருக்க வேண்டியதுதான் என்பதையும் நிதானமாக எடுத்துச் சொன்னார்.

"எழுதிக்குங்க சார். மணி மட்டும் அடிக்க மாட்டேன்."

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. தானே மிதிக்கக் காலை நீட்டினார். கிருஷ்ணப்பன் தன் வெறுங்காலைக் குறுக்கே வைத்தார். பூட்ஸ் கால் அதன் மேல் விழுந்தது. அவர் முகம் சுளித்தாரே தவிர, காலை எடுக்கவில்லை.

அதற்குள் பிரசவ ஆஸ்பத்திரி வந்துவிட்டது. கூண்டு வண்டி மெல்லத் தண்டவாளத்தை விட்டு இறங்கி அதன் வாசலில் நின்றது. கோணிப் படுதாவை விலக்கிக்கொண்டு ஒரு மீனவப் பெண் குதித்து உள்ளே ஓடினாள். ஆட்கள் வந்து, நிறைமாதக்காரி ஒருத்தியை வண்டியிலிருந்து கைத்தாங்கலாக இறக்கினார்கள். அவள் முந்தானையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். வலி பொறுக்காமல் அவள் வளைந்ததைப் பார்த்து டிராமே அடங்கிப் போயிற்று.

"இதை முதலிலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்றார் இன்ஸ்பெக்டர். குரல் இறங்கியிருந்தது.

"வலியில துடிக்கிற பொம்பள சார். இத்தினி பேரு எட்டி எட்டிப் பாக்க அங்க இன்னா கூத்தா நடக்குது?"

இன்ஸ்பெக்டரின் பென்சில் பைக்குள் திரும்பிப் போனது. கிருஷ்ணப்பனின் சிவந்துபோன காலைப் பார்க்கச் சங்கடப்பட்டு வெளியே பார்த்தார். ஊர் முழுக்க முரடன் என்று பெயர் வாங்கியவனிடம் இத்தனை நயம் இருந்ததை நினைத்து ஒன்றிரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சுப்புராயனுக்கும் மனசு உருகித்தான் போனது. ஆனால் ஒரு காரியம் தாமதப்பட்டால் யாராவது ஒருவர்மேல் பழி போடாமல் அவருக்கு ஆறாது. "ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே கிருஷ்ணப்பா. தப்பெல்லாம் அந்த வண்டிக்காரன்மேல். அவன் பாட்டுக்கு ஓரமாகப் போயிருந்தால் உன் வேலைக்கு இப்படி ஒரு ஆபத்து வந்திருக்குமா?" என்றார்.

கிருஷ்ணப்பன் கைப்பிடியைத் திருப்பினார். டிராம் வேகம் பிடித்தது.

"அவன் ஓரமாத்தான் சார் போய்கினு இருந்தான். ஒவ்வொரு கல்லுக்கும் உள்ள அந்தப் பொண்ணு அலறிச்சி. நீங்கள்லாம் ஏறறதுக்கு முந்தி, டிராம் ஷெட்டு வாசல்ல டிராம நிறுத்தி, அவன தண்டவாளத்துல ஏத்திவுட்டதே நான்தான்."