முதல் வெட்டு

அவள் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

எதிரே முல்லைத் தோட்டம். அதற்கு அந்தப் பக்கம் கடல். முதுகுக்குப் பின்னால் ஊரே நின்றது.

ஊருக்கும் பின்னால், கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல் மூழ்கிக் கிடந்தது. கதிர் பால் பிடிக்கிற சம்பா. இன்றைக்கு வடிந்தால் பிழைக்கும். நாளைக்கு வடிந்தால் வைக்கோலுக்குக்கூட ஆகாது.

ஆறு கடலில் சேரும் வாயை அலை மணல் கொண்டுவந்து அடைத்துவிட்டது. வீட்டு உயரத்துக்கு மேடு. தாழ்வாக இருப்பது இந்தத் தோட்டம் ஒன்றுதான். இதை வெட்டினால் வெள்ளம் கடலுக்குப் போகும். தோட்டமும் கூடவே போகும்.

நகராட்சி பொக்லைன் அனுப்பியது. அனுப்பவில்லை என்று சொன்னால் பாவம். பள்ளிக்கூடத்து வளைவிலேயே அது சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

பேருக்குத்தான் நகராட்சி. எங்களுக்குச் சோறு போடுவது நெல். ஒரு காலத்தில் இங்கே கப்பல் வந்ததாம். புயல் ஒன்று துறையை மணலால் மூடிவிட்டுப் போனது. வேறு ஊராக இருந்தால் மூட்டை கட்டியிருக்கும். எங்கள் ஆட்கள், சரி போ என்று அந்த மணலிலேயே முல்லை நட்டார்கள். அடுத்த புயல் பிடுங்கிப் போட்டது. மறுபடி நட்டார்கள். பிடிவாதம் பிடித்த ஜனம். எனக்கு இவர்களை ரொம்பப் பிடிக்கும்.

இந்த ஜனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு.

வெட்டு யாருடைய மண்ணில் விழுகிறதோ, அவர்தான் முதல் வெட்டுப் போட வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறந்து கேட்கக் கூடாது. அவராக வர வேண்டும்.

அவள் தானாகத்தான் வந்தாள்.

சிக்கல் வேறு.

தோட்டம் யாருக்கு என்று கோர்ட் இன்னும் சொல்லவில்லை. புருஷன் செத்துப்போன கையோடு, கொழுந்தன் வைரக்கண்ணு வழக்குப் போட்டுவிட்டான். அது பூர்வீகம், எனக்குத்தான் சேரும் என்று. அவளா விடுவாள்? என் புருஷன் மேடு தட்டிய மண், நான் குடம் குடமாகச் சுமந்து ஊற்றிய கொடி என்றாள். வாய்தாவுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போவார்கள், ஒரே பஸ்ஸில் வருவார்கள். பேச்சு கிடையாது.

வைரக்கண்ணுவும் மண்வெட்டியோடு வந்திருந்தான். மூழ்கிய வயலில் அவனுடையதும் இருந்தது.

அவன் முதல் வெட்டுப் போட்டால் தோட்டம் அவனுடையது. அவள் போட்டால் அவளுடையது. ஊர் கண்ணால் பார்த்த பிறகு கோர்ட்டாவது ஒன்றாவது!

"வத்தம் தொடங்கிடுச்சு" என்றார் மீனவர் தெரு சிங்காரம், கடலைப் பார்த்தபடியே.

கடல் இறங்குகிற நேரம். இப்போது வெட்டினால் வெள்ளம் வெளியே ஓடும். தாமதித்தால் கடல் திரும்பி ஏறி, உப்புத் தண்ணீர் வயலுக்குள் வந்துவிடும்.

ஒருவரும் நகரவில்லை.

வைரக்கண்ணு நடந்து வந்தான்.

"அடப்பாவி" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி, வாய்விட்டே.

அவள் மண்வெட்டிப் பிடியை இறுக்கிக்கொண்டாள். இந்த மண்ணை இழக்கத் துணிந்து வந்தவள்தான். ஆனால் அவன் மண் என்று ஊர் சொல்லி இழப்பதை அவளால் தாங்க முடியாது.

அவன் வேலியருகே வந்து நின்றான். மண்வெட்டியைக் கீழே வைத்தான். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மரியாதையாகக் கீழே இறக்கிவிட்டான்.

"இது ஒங்க மண்ணு, அண்ணி."

பிறகு ஊர்ப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னான்.

"அண்ணி மண்ணு. அவங்கதான் வெட்டணும்."

எப்படியும் போகப்போகிற மண், அதனால்தான் விட்டுக்கொடுத்தான் என்று பேசுகிறவர்கள் உண்டு. பேசட்டும். அத்தனை பேர் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல நெஞ்சு வேண்டும்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்க நேரமில்லை.

ஒரு கொடியின் தூரில் ஓங்கிப் போட்டாள்.

அப்புறம் ஊரே இறங்கியது. ஒரு குழி நிலம்கூட இல்லாத மீனவர் தெரு முழுக்க இறங்கியது.

மதியத்துக்குள் தண்ணீர் தன் வழியைக் கண்டுகொண்டது. அதற்குப் பிறகு மண்வெட்டி தேவைப்படவில்லை. கரை பாளம் பாளமாகச் சரிந்தது. கொடிகள் வேரோடு போயின. மேற்கே கதிர்கள் ஒவ்வொன்றாகத் தலை காட்டின.

அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போகவில்லை.

பெண்களைக் கைதட்டிக் கூப்பிட்டாள். தோட்டத்து மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடும் தண்ணீரைக் காட்டினாள். அழுதுகொண்டேதான் காட்டினாள். தலை மட்டும் நிமிர்ந்திருந்தது.

"பாருங்கடி, எம் மண்ணு போவுது."