பல்லு கொட்டும் ரொட்டி

முதலில் தப்பு செய்தவன் எதிர்வீட்டு அமலன். அதில் யேசுராஜுக்குச் சந்தேகமே கிடையாது.

போன கிறிஸ்துமஸுக்குத் தெருவே கூடியிருந்தது. மனைவி அற்புதமேரி செய்த வாழைப்பழ ரொட்டியைத் தட்டில் வைத்து ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டிருந்தார் யேசுராஜ். கம்பெனி பஸ் ஓட்டுகிற அமலன் வேகமாக வந்தான். ஒரு துண்டை எடுத்துத் தட்டின் விளிம்பில் தட்டிப் பார்த்தான்.

"யாரும் வாயில வெக்காதீங்கப்பா. இது ரொட்டி இல்ல, செங்கல். பல்லு கொட்டிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். கையில் எடுத்தவர்கள்கூடத் திரும்ப வைத்துவிட்டார்கள். அப்புறமாவது வந்து ஒரு மன்னிப்பு கேட்டானா? இல்லை. அன்றோடு பேச்சு நின்றது.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்குச் சாயங்காலம், அதே ஆட்கள் முன்னால், அமலன் ரொட்டியைத் தின்றுவிட்டு "தப்பா சொல்லிட்டேண்ணே" என்று சொல்லியாக வேண்டும். வேலைக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார் யேசுராஜ்.

உட்கார்ந்தார் என்று சொன்னதோடு சரி. இருப்புக் கொள்ளவில்லை. விசில் கழற்றிய பழைய குக்கரில் மணல் பரப்பி, அதன்மேல் மாவுப் பாத்திரம் இருந்தது. பட்டையும் கிராம்பும் வெல்லமும் சேர்ந்த வாசனை வாசல் தாண்டிப் போயிற்று. மூன்றாவது தடவையாக மூடியைத் திறந்தார்.

"இன்னாய்யா உனுக்கு? சும்மா சும்மா தொறந்தா நடுவுல அமுங்கிடும்" என்றாள் அற்புதமேரி.

"வெந்துச்சா இல்லையான்னு பாக்க வேணாவா?"

"அதுக்கு நேரம் கீது. நீ வெளியில போய் நில்லு."

வெளியில் வந்தார். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து, கறுப்பு வேட்டியும் ஐயப்ப மாலையுமாக வந்துகொண்டிருந்தான் கண்ணப்பன்.

"இன்னா நைனா, வாசனை தெருமுனை வரிக்கும் வருது."

"சாயங்காலம் வந்துடு சாமி. முட்டை கிட்டை ஒண்ணும் கெடையாது, தைரியமா துண்ணலாம். போன வருஷம் வாய்கிட்ட கொண்டுபோனதை அந்தப் பாவி பேச்சைக் கேட்டு வெச்சிட்டே."

"வந்துட்றேன் நைனா."

உள்ளே திரும்பினால் அற்புதமேரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"முட்டை இல்லன்னு உனுக்கு யாரு சொன்னா?"

"வாழைப்பழ ரொட்டிக்கு எதுக்கு மே முட்டை?"

"மூணு முட்டை போட்டுக்கீறேன். எப்பவும் அதான் கணக்கு."

"போன வருஷம்?"

"போன வருஷமும்தான்."

யேசுராஜ் சுவரோரமாகச் சாய்ந்தார்.

"மாலை போட்ட நாலு பேர்கிட்ட முட்டை இல்லன்னு சொல்லித்தான் மே நீட்டினேன்."

"துண்ணாங்களா?"

"ஒருத்தனும் துண்ணல. அதுக்குள்ள அவன் வந்துட்டான்."

"மாதா புண்ணியம். விரதம் கெட்டிருந்தா அவங்க எப்படி மலைக்குப் போவாங்க? ஓடு, கண்ணப்பன் சாமிகிட்ட முட்டை கீதுன்னு சொல்லிட்டு வா."

"இன்னான்னு சொல்றது? போன வருஷமும் அப்படித்தானான்னு கேட்டா? வேணும்னே பொய் சொல்லி முட்டையைத் துண்ண வெக்கப் பாத்தான்னு பேசுவாங்க. அப்புறம் இந்தத் தெருவுல எப்படி நடக்கறது?"

அடுப்புக்கும் வாசலுக்குமாக நாலு தடவை நடந்தார்.

"ரொட்டி கருகிப்போச்சுன்னு சொல்லிட்றேன். அவனுக்கும் சங்கடம் இல்ல, எனுக்கும் மானம் போவாது."

"அதையாவது சொல்லு. சீக்கிரம் போ."

செருப்பை மாட்டியவர் வாசலில் நின்று திரும்பினார்.

"ஆனா ஒண்ணு மே. முட்டை வேற, அமலன் வேற. அவன் எங்கிட்ட மன்னிப்பு கேட்டே ஆவணும். அது பாக்கிதான்."

அற்புதமேரி அடுப்பைத் தணித்தாள்.

"போன வருஷம் எனுக்குக் கை சுளுக்கிகினு இருந்துச்சே, மூணு முட்டையையும் ஒடச்சி அடிச்சிக் குடுத்ததே அமலன் தம்பிதான். தான் அடிச்ச மாவுல வெந்த ரொட்டியைத் தானே செங்கல்னு சொன்னாரேன்னு, இத்தினி நாளா எனுக்கே வெளங்கல."