குணம் விசாரிக்கப் போனவர்

மாப்பிள்ளையாக வரப்போகிறவன் கஞ்சாக் கேசில் சிறுநீர்ச் சோதனைக்குப் போய்வருகிறான் என்று கேள்விப்பட்டால் எந்த அப்பன்தான் சும்மா இருப்பான்? சேதுபதியும் சும்மா இருக்கவில்லை. டாக்சி ஓட்டும் நண்பர் முகைதீன் கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்ன சேதி. சிங்கப்பூர் பிடோக்கில், கஞ்சாவில் பிடிபட்டவர்கள் தவறாமல் வந்து சிறுநீர் கொடுக்க வேண்டிய அந்தச் சோதனை நிலையத்து வாசலில் அகிலனை அடிக்கடி பார்க்கிறாராம்.

அன்றைக்குத்தான் குடும்பத்தோடு தாலி செய்யச் சொல்லக் கடைக்கு வந்திருந்தார்கள். மனைவி ரஞ்சிதத்தையும் மகள் சிவானியையும் தேக்கா நகைக்கடையில் உட்காரவைத்து, தான் போன் செய்யும்வரை எதற்கும் தலையாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு டாக்சி பிடித்தார் மனுஷன்.

அகிலனை அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. எப்போது பார்த்தாலும் சிரிப்பு, பெரிய மோட்டார் சைக்கிள், நினைத்தால் மலேசியாவுக்கு ஒரு ஓட்டம். பெண் பார்க்க வந்த அன்றைக்கே அடுப்படிக்குள் புகுந்து டீ கலக்கியவன் அவன். இந்த மாதிரி துள்ளுகிற ஆட்கள்தான் கஞ்சாவில் போய் விழுவார்கள் என்பது சேதுபதியின் கட்சி. என் மகன் ஜெய்யைப் பாருங்கள் என்பார். யூனிவர்சிட்டியில் படிக்கிறான், எதிர்த்துப் பேசத் தெரியாது, அப்பா குரல் கேட்டாலே எழுந்து நிற்பான், குணம் என்றால் அதல்லவா குணம்!

நிலையத்து வாசலில் அகிலன் நின்றுகொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"நீ கஞ்சா இழுக்கிறவனா?"

"இங்க வேணாம் அங்கிள். வாங்க, காப்பிக்கடைக்குப் போய்ப் பேசலாம்."

அவர் நகரவில்லை. அங்கே என் பெண் தாலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இல்லை என்று ஒரு வார்த்தை சொல், போதும் என்றார். அதட்ட வந்தவர் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார். அகிலன் நிலையத்தின் கண்ணாடிக் கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப கல்யாணம் இல்ல லா. முடிஞ்சது."

"சரி அங்கிள். என்னைப் பத்தி என்ன வேணா நெனச்சுக்குங்க. தயவுசெஞ்சு இப்பக் கிளம்புங்க."

சேதுபதி ரஞ்சிதத்துக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கதவு திறந்தது.

வெளியே வந்தவன் ஜெய்.

அப்பாவைக் கண்டதும் அவன் அப்படியே நின்றுவிட்டான். அகிலன் சட்டென்று இருவருக்கும் நடுவில் வந்து நின்றான். தான்தான் பிடிபட்டது என்றும், தனியாக வரத் தைரியம் இல்லாததால் ஒவ்வொரு தடவையும் அகிலன் மாமா கூட வருகிறார் என்றும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று தானே சத்தியம் வாங்கியதாகவும் ஜெய் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

போனில் ரஞ்சிதம் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"தாலிக்குச் சொல்லிடு," என்றார் சேதுபதி. குரல் அவர் குரலாகவே இல்லை. போனை வைத்துவிட்டு மகனிடம் திரும்பினார்.

"மாமாகிட்ட சொன்னே. பெத்தவன் என்கிட்ட ஏன்டா சொல்லல?"

ஜெய் பழக்கதோஷத்தில் நிமிர்ந்து நின்றான்.

"எனக்கு எல்லாத்துக்கும் பயம்ப்பா. அந்தப் பயத்தை மறக்கத்தான் அதை இழுத்தேன். அதுல பெரிய பயமே நீங்கதான்."