நான் சுண்ணாம்பு போட்ட இடங்கள்

வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் பதினோரு பேர் நிற்கிறோம். எல்லோரும் சுரங்கத்தில் கரி வெட்டியவர்கள். அந்தப் பக்கம் இரும்புக் குழாய்கள் ஜோடி ஜோடியாக மண்ணுக்குள் இறங்குகின்றன. ஒன்றின் வழியாகக் காற்றையும் கரியமில வாயுவையும் கம்ப்ரஸர் உள்ளே தள்ளுகிறது. அடியில் மூட்டிய நெருப்பு கரியைக் கிடந்த இடத்திலேயே தின்கிறது. இன்னொரு குழாயில் எரிவாயு மேலே வருகிறது. இனி ஆள் இறங்கவே வேண்டாம். வெயிலில் குழாய்களின் மேல் காற்று நடுங்குகிறது. ஒவ்வொரு ஜோடியும் நான் போட்ட சுண்ணாம்பு வட்டத்துக்குள்தான் நிற்கிறது. கரி எங்கே கனமாக ஓடுகிறது என்று போன மாதம் என்னைக் கூட்டிப்போய்க் கேட்டவன் என் தங்கை புருஷன், இங்கே மேஸ்திரி. புதுச் சுரங்கம் வருகிறது, உங்கள் எல்லோருக்கும் வேலை என்றான். இப்போது கீறல்கூட விழாத தொப்பியோடு வால்வைத் திருகிக்கொண்டிருக்கிறான்.

"மாப்ள, எங்களுக்கு வேலைன்னு சொன்னீங்களே?"

"கேட்டு வைக்கிறேன் மச்சான். அவசரப்பட்டா எப்படி?"

என் தோளில் ஒரு கையைப் போட்டபடி பக்கத்தில் நிற்கும் மீசைக்காரர் மறு கையால் வேலிக் கம்பியைப் பிடித்து ஆட்டுகிறார். "எலிக்குக்கூடத் தெரியாத எடம். எந்தப் புண்ணியவான்யா உங்களுக்குக் காட்டிக் குடுத்தான்?"

"வேற யாரு, நம்ம மச்சான்தான்" என்று மாப்பிள்ளை கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேல் கத்துகிறான். "ஒரு எடம்கூடத் தப்பல."

மனசார நன்றியோடுதான் சொல்கிறான். மீசைக்காரர் என் தோளில் போட்டிருந்த கையை மெதுவாக எடுத்து, தன் சட்டையில் துடைத்துக்கொள்கிறார்.