நாலாவது மாடி

மாதாப்பூரில் நாலாவது மாடியில் இயங்கிய அனிமேஷன் ஸ்டூடியோ அது. அங்கே வரைந்துகொண்டிருந்த ஒரு ஜப்பானியத் தொடரின் காட்சியைத் திரையில் நிறுத்தினார் மேற்பார்வையாளர் சுந்தரேசன். ஏரியைத் தூர்த்துக் கட்டிய அலுவலகத்துக்குள் ஏரியின் ஆவி படியேறி வரும் காட்சி.

"அக்ஷதா, ஜப்பான்காரங்க கொடுத்த ஸ்டோரிபோர்டுல ஈரக் கால்தடம் ரெண்டாவது மாடியோட நின்னுடுது. நீ ஏன் நாலாவது வரைக்கும் வரைஞ்சிருக்கே?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்ஷதா சொன்னாள்: "நம்ம படிக்கட்டைப் போட்டோ எடுத்து, பார்த்து வரையச் சொன்னீங்களே சார்."

"படிக்கட்டைத்தான் சொன்னேன். தடத்தையுமா?"

"தடமும் அதுலயே இருந்தது சார். காலைல ரெண்டாவது மாடி வரைக்கும். மத்தியானம் மறுபடி எடுத்தேன், மூணாவது."

"யாராவது மாப் போட்டிருப்பாங்க."

"எல்லாமே ஏறுற தடம் சார். இறங்கினது ஒண்ணுகூட இல்லை. வாட்ச்மேன்கிட்ட கேட்டேன், இங்கேயும் முன்னாடி ஏரிதானாம்."

சுந்தரேசன் சிரிக்க முயன்றார். "அப்போ நாலாவது மாடி மட்டும் உன் கற்பனையா?"

"இல்லை சார். டீக்கு எழுந்தப்ப நம்ம கதவுகிட்ட இருந்தது."

சொல்லிக்கொண்டே அவர் நாற்காலிக்குப் பின்னால் தரையைப் பார்த்தவள், மெல்லத் தன் கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள்.